பூஜ்யத்துக்குள் ஒன்று

மழை நின்றுவிட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு துளி விழுகிறது. அடுத்தது விழும் என்று காத்திருக்கிறேன், விழவில்லை. சரி, நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் இன்னொன்று. ரேஸ் கிளம்புகிற வரிசையில், கிரிட்டில், எல்லா வண்டிகளும் அணைந்து நிற்கின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குடை, குடைக்குக் கீழே ஒரு முகம், எல்லா முகங்களும் வானத்தைப் பார்க்கின்றன. என் குடையைப் பிடித்திருக்கிற முகம் மட்டும் என்னைப் பார்க்கிறது. அண்ணன். கிளாட்வின். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பாலிதீன் உறை போட்ட லேப்டாப். "என்ன போடட்டும், சொல்லு பெனி," என்று கேட்டுவிட்டு நிற்கிறான். ஒரு எண் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பின்சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்தால் இந்த வண்டி தானாகவே இன்ஜினின் இழுவையைக் கொஞ்சம் வெட்டிவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோல். சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, முன்சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது பின்சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கைப்பிடி ஓரத்தில் அதற்கு ஒரு பொத்தான், பூஜ்யத்திலிருந்து எட்டு வரை. எண் கூடக்கூட அது அதிகமாகத் தலையிடும். எந்த எண்ணுக்கு எவ்வளவு என்று லேப்டாப்பில் எழுதி வைப்பது அண்ணன்தான். பூஜ்யத்தில் வைத்தால் பெட்டி தூங்கிவிடும், பிறகு நானும் ரப்பரும் தண்ணீரும் மட்டும். அப்படித்தான் நினைத்திருந்தேன். காலையில் முதல் ரேஸுக்குப் பூஜ்யத்தில்தான் வைத்தேன். திரையில் பூஜ்யம் என்றுதான் காட்டியது. ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குள் அண்ணன் ஒன்றை வைத்திருந்தான். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னான். எலுமிச்சை சாதம். நான் ஒரு வாய்கூட வைக்கவில்லை, அவன் முழுவதும் தின்றான், அல்லது தின்னுகிற மாதிரி விரல்களை அசைத்துக்கொண்டிருந்தான், எனக்கு நினைவில்லை.

ஏழாவது வளைவு. காலையிலிருந்து மனம் அங்கேதான் போய் விழுகிறது. வலதுபக்கம் திரும்புகிற நீளமான வளைவு, மழை பெய்தால் புல்வெளியிலிருந்து ஒரு வாய்க்கால் மாதிரித் தண்ணீர் குறுக்கே ஓடும். காலையில் கடைசிக்கு முந்திய சுற்று. நான் மூன்றாவது இடத்தில் இருந்தேன், பின்னாலேயே டெஸ்மண்ட் அங்கிள். வளைவின் பாதியில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன், கொஞ்சம் முன்னதாகவே திருகிவிட்டேன் என்று திருகும்போதே தெரிந்தது, பின்சக்கரம் இடதுபக்கமாக என்னை விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தது. இடுப்புக்குக் கீழே இருந்த வண்டி இல்லாமல் போகிற அந்தக் கணம். மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் இருக்காதே, அந்த மாதிரி. அப்புறம் என்ன நடந்தது? அதைத்தான் கேட்கிறேன், என்னை நானே, மதியத்திலிருந்து. கை தளர்ந்தது. தளர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். முட்டி பெட்ரோல் டேங்கை இறுக்கியது. வண்டி ஒருமுறை உதறிக்கொண்டு மறுபடி எனக்குக் கீழே வந்து நின்றது. நான் கத்தினேன், அது மட்டும் நிச்சயம், ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே கேட்டது, பயக் கத்தல் இல்லை, சிறுபிள்ளை முதல்முறை சைக்கிளில் தனியாகப் போகும்போது கத்துகிற கத்தல். போன வருஷம் விழுந்ததற்குப் பிறகு என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்தக் கணத்தில்தான் என்று நினைத்தேன். மூன்றாவதாக முடித்து உள்ளே வந்தபோது டெஸ்மண்ட் அங்கிள் கையுறையைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தார். பெரம்பூர் ரயில்வே காலனிக்காரர், நாற்பத்தாறு வயது, இந்த டிராக்கில் அவர் விழாத வளைவு கிடையாது, இந்தப் பெட்டி சமாச்சாரம் எதுவும் அவருக்குப் பிடிக்காது, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவார். இரண்டு வருஷமாக என்னைப் பார்த்தால், "என்னம்மா, இன்னிக்கு நீ ஓட்டுறியா, வண்டி ஓட்டுதா?" என்று கேட்டுச் சிரிக்கிறவர். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பின்னாடி இருந்து பாத்தேன்மா. போயிட்டேன்னு நெனச்சேன். பிடிச்சுட்டே பாரு! கை இருக்கும்மா உனக்கு." நான் பூஜ்யத்தில் ஓட்டினேன் அங்கிள் என்று சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன். அவர் கண் விரிந்தது.

அதை யாரிடமெல்லாம் சொன்னேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. டயர்க்காரரிடம் சொன்னேன். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அம்மா என்ன ஏது என்று புரியாமல், "மாதாவே காப்பாத்திட்டா," என்றாள், நான் சிரித்துக்கொண்டே, "மாதா இல்லம்மா, நான்," என்றேன். அண்ணனிடம் சொன்னேன், "இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சுண்ணே. ரெண்டாவது ரேஸ்ல ஏழாவது வளைவுல இன்னும் முன்னாடியே திருகப் போறேன். அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும், நான் பிடிச்சுருவேன்." அவன் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்ப்பதை நிறுத்தவில்லை. "ஏட்டி, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத," என்றான். கோபப்படாதே என்று யாராவது சொன்னால் உடம்பு முதலில் கோபப்பட்டுவிடுகிறது, செய்தி அதற்கப்புறம்தான் வருகிறது. பூஜ்யம் பூஜ்யம் இல்லை என்றான். அடியில் பெட்டிக்குக் கொஞ்சம் வேலை விட்டு வைத்திருந்தேன் என்றான். வேலை செய்யும்போது திரையில் மின்னுகிற மஞ்சள் விளக்கையும் நானே அணைத்து வைத்திருந்தேன் என்றான். "நீ பாட்டுக்கு நம்பிக்கையோட இன்னும் முன்னாடி திருகுனா என்னாகும்? அதான் சொல்லுதேன். இல்லன்னா சொல்லியே இருக்க மாட்டேன்." இல்லையென்றால் சொல்லியே இருக்க மாட்டானாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அவன் செய்ததைவிட அது. அப்படியென்றால் நான் வாழ்நாள் முழுவதும் அந்தக் கத்தலை என்னுடையது என்று வைத்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் அது கெட்டதா? வைத்துக்கொண்டிருந்தால் என்ன? அங்கிள் பின்னாலிருந்து பார்த்தாரே, கண்ணால் பார்த்த மனிதர். அவர் பார்த்தது என் கையையா, பெட்டியையா? பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும். உள்ளேயிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது, அதுதானே பிரச்சினை. பெட்டி வெட்டும்போது இன்ஜின் சத்தம் திக்கும், ப்ர்ர் என்று. அந்தத் திக்கல் கேட்டதா? காதில் பஞ்சு. மழை. என் கத்தல். கேட்ட மாதிரியும் இருக்கிறது, இப்போது நினைப்பதால் கேட்கிற மாதிரியும் இருக்கிறது.

போன வருஷம் இதற்கு நேர்மாறு. அன்றைக்குப் பெட்டி முழித்துக்கொண்டுதான் இருந்தது, ஐந்தில். அண்ணன் போட்ட ஐந்து. காய்ந்த தரை, வெயில், ஒரு குறையும் இல்லை. பின்சக்கரம் வழுக்கியது, பிறகு திடீரென்று பிடித்தது, பிடித்த வேகத்தில் வண்டி என்னைத் தூக்கி எறிந்தது. மேலே போனேன். வானம் ரொம்ப நேரம் இருந்தது. ஒரு பருந்துகூடப் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. காரை எலும்பு இரண்டாக உடைந்து, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நான் அண்ணனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "உன் செட்டிங்தான்." அவன் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில், "உன் கை ஆக்ஸிலரேட்டரைத் திடீர்னு மூடியிருக்கு பெனி, பயந்துபோய் டப்புனு மூடியிருக்க, அதனாலதான் டயர் பிடிச்சுருக்கு," என்றான். நான் மூடவில்லை, உன் பெட்டி மூடியது என்றேன். அவன் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டான். அவனுக்கும் உறுதியாகத் தெரியவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. விழுந்தபோதும் யார் என்று தெரியவில்லை, இன்று காலை பிழைத்தபோதும் யார் என்று தெரியவில்லை. விழுந்ததை அவன் மேல் போட்டேன், பிழைத்ததை என் மேல் போட்டுக்கொண்டேன். போன வருஷம் விழுந்த பிறகுதான் பூஜ்யம் வேண்டும் என்று அடம்பிடித்தேன். வீரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். வீரமா அது? இனி விழுந்தால் யார் தள்ளியது என்றாவது தெரிய வேண்டும் என்பதுதான். அண்ணன் ரேஸ் ஓட்டிய காலத்தில் இந்த வண்டிகளில் ஒன்றுமே கிடையாது. தூத்துக்குடியிலிருந்து வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவான், நான் பள்ளிச் சீருடையோடு கூட வந்து தொற்றிக்கொள்வேன். அப்போது விழுந்து உடைந்த அவன் மணிக்கட்டில் இப்போதும் தகடு இருக்கிறது, குளிர்நாளில் பேனா பிடிக்க முடியாது. அன்றைக்கு அவனுக்கு ஒரு பெட்டி இருந்திருந்தால் அவன் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பான். அதை அவன் ஒருமுறையும் சொன்னதில்லை. நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்னவோ. குடைக் கம்பியைப் பிடித்திருப்பது அந்தக் கைதான்.

"காலையில என்ன நடந்துச்சுன்னு அதுல இருக்குமா?" என்று லேப்டாப்பைக் காட்டிக் கேட்கிறேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருவதால் கத்திக் கேட்க வேண்டியிருக்கிறது, பக்கத்துக் குடைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். அண்ணன் குனிந்து காதருகே வருகிறான். "பாத்துட்டேன்," என்கிறான். "எப்ப?" "நீ சாப்பிடாம எந்திரிச்சுப் போனியே, அப்ப." கேட்காவிட்டால் சொல்ல மாட்டான் என்று தெரியும், கேட்டால் சொல்லிவிடுவான் என்றும் தெரியும். கேட்டுவிட்டேன். "ரெண்டும் இருக்கு பெனி. உன் கையும் மூடியிருக்கு, பெட்டியும் வெட்டியிருக்கு. கிராஃப்ல ரெண்டு கோடும் ஒண்ணாத்தான் இறங்குது. எது முதல்லன்னு பிரிக்க முடியல." "பெட்டி வெட்டலன்னா நான் விழுந்திருப்பேனா?" "அது எப்படிட்டி தெரியும்? நடந்ததுதான இதுல இருக்கும். நடக்காதது எப்படி இருக்கும்?" அவன் கோபமாகச் சொல்லவில்லை, அழுகிற மாதிரிச் சொல்கிறான். முன்வரிசையில் ஒரு வண்டி உயிர் பெறுகிறது, அடுத்தடுத்து எல்லாம். மழை நின்றுவிட்டது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். மார்ஷல் ஒருவர் கையை விரித்துக் காட்டிக்கொண்டு போகிறார், குடைகளை எடுக்கச் சொல்கிறார். ஒரு எண் சொல்ல வேண்டும். மூன்று சொன்னால் நல்லது, தரை ஈரம், எல்லோரும் நான்கு ஐந்தில்தான் இருப்பார்கள், அங்கிளைத் தவிர. மூன்று சொன்னால் காலையில் அங்கிளிடம் சொன்னது பொய்யாகிவிடுமா? அது ஏற்கெனவே பொய்தான், நான் சொன்னபோதே பொய், எனக்குத்தான் தெரியாது. தெரியாமல் சொன்னால் பொய்யா? "நெசமாவே பூஜ்யம் போடு," என்கிறேன். என் வாய் சொல்லிவிட்டது. அவன் ஒன்றும் மறுக்கவில்லை, அதுவே சந்தேகமாக இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் ஒயரைச் சொருகுகிறான், எதையோ தட்டுகிறான், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறான். கட்டங்கள், எண்கள், மழைத்துளிகள். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. "போட்டுட்டேன்," என்கிறான். காலையிலும் இப்படித்தான் சொன்னான், இதே குரல். நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். இருபத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற முகம், அதில் எங்கே பூஜ்யம் இருக்கிறது, எங்கே ஒன்று இருக்கிறது என்று தேடுகிறேன். "அம்மா மேல சத்தியமா?" "அம்மா மேல சத்தியம். மஞ்ச லைட்டையும் போட்டு வச்சிருக்கேன், பெட்டி வேலை செஞ்சா எரியும், பாத்துக்க." ஒயரை உருவும்போது அவன் விரல் என் முழங்கை மேல் பட்டது, பட்டதா வைத்தானா தெரியவில்லை. அப்புறம் குடையை மடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் ஓடினான். நான் தனியாக இருக்கிறேன். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக வருகின்றன. எல்லாம் அணைகின்றன.

கிளம்பும்போதே பின்சக்கரம் சுழல்கிறது, வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது, மஞ்சள் விளக்கைப் பார்க்கிறேன், எரியவில்லை, அப்படியென்றால் உண்மைதான், அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான், அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இருவர் என்னைத் தாண்டிவிட்டார்கள். விளக்கைப் பார்க்காதே, ரோட்டைப் பார். முன்னால் போகிற வண்டிகள் தண்ணீரைப் புகையாக்கி என் முகத்தில் அடிக்கின்றன. இரண்டு, மூன்று, நான்கு, வளைவுகள் தாமாகவே வருகின்றன, கைக்கு அவை பழக்கம், கை ஏதோ செய்கிறது, நான் கூடவே போகிறேன். ஏழு. வாய்க்கால் தெரிகிறது, ஈயத்தகடு மாதிரி பளபளக்கிறது. முன்னதாகத் திருகுவேன் என்று சொன்னேனே. கை திருகவில்லை. தண்ணீருக்கு இந்தப் பக்கமே மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, கை மூடியது. திற என்கிறேன். தண்ணீரைத் தாண்டின பிறகுதான் திறக்கிறது. இன்னொருவர் தாண்டிப் போகிறார். சரி, முதல் சுற்று, டயர் சூடாகவில்லை, அடுத்த சுற்றில் பார்க்கலாம். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் கை மூடிக்கொண்டது. இது எச்சரிக்கையா, பயமா? எச்சரிக்கை என்றால் நான் செய்வது, பயம் என்றால் எனக்கு நடப்பது, இரண்டும் கையில் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மூன்றாவது சுற்றில் அங்கிள் தாண்டிப் போனார். வாய்க்காலின் மேலேயே, என் கண் முன்னால், பின்சக்கரம் கையகலம் நகர்ந்து திரும்பி வந்தது. அவர் கத்தியிருப்பாரா என்று நினைத்தேன். மாட்டார். அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. எனக்கு என்னவோ ஆகிவிட்டது, நான்காவது சுற்றில் ஏழாவது வளைவுக்குள் போகும்போதே சத்தமாக, "திருகு, திருகு," என்று எனக்கே கத்திக்கொண்டு வாய்க்காலுக்கு முன்பே திருகினேன். பின்சக்கரம் போனது. காலையில் போன அதே பக்கம், அதே மாதிரி. விளக்கு எரியவில்லை, யாரும் இல்லை. நான் தடாலென்று மூடினேன், இந்த முறை தெளிவாகத் தெரிந்தது, பயந்துபோய்க் கதவை அறைகிற மாதிரி மூடினேன். டயர் பிடித்தது. வண்டி துள்ளியது. சீட்டை விட்டு மேலே எழும்பிவிட்டேன், வானம் வரப்போகிறது என்று நினைத்தேன், வரவில்லை, வயிறு டேங்கில் போய் மோதியது, வண்டி வளையாமல் நேராகப் புல்லுக்குள் ஓடியது, சேற்றில் காலைத் தேய்த்துக்கொண்டு எப்படியோ சுற்றி மறுபடி தாருக்கு வந்தேன். ஈரத்தரையானதால் டயர் அரைகுறையாகத்தான் பிடித்திருக்கிறது. காய்ந்திருந்தால் போன வருஷம்தான். போன வருஷமும் இதுதான். அண்ணன் சொன்னது சரி. மூடியது என் கைதான். இப்போது தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்துகொண்டதும் மகிழ்ச்சியா வருத்தமா என்று புரியவில்லை, பற்கள் கிட்டித்துக்கொண்டு கண்ணீர் மட்டும் வருகிறது, மீதிச் சுற்றுகளில் ஏழாவது வளைவை ஒரு பால்காரர் மாதிரி மெதுவாகக் கடந்தேன். ஒருமுறையும் விழவில்லை. பதினோராவது இடம்.

கொடி விழுந்த பிறகு எல்லோரும் மெதுவாகச் சுற்றி வரும்போது அங்கிள் பக்கத்தில் வந்து கட்டை விரலை உயர்த்தி, என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். நான் தலையை அசைத்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை, அவர் போய்விட்டார். அவரிடம் காலை விஷயத்தைச் சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது, பாதி நான் அங்கிள், பாதி நான் இல்லை என்றா? பிட்டுக்குள், எங்கள் ஷெட் முன்னால், வந்து நின்றதும் அண்ணன் ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டான். காலில் சேறு, முட்டியில் புல். அவன் அதைப் பார்த்தான். என் கையுறையின் பட்டையை அவிழ்த்து ஒவ்வொரு விரலாக உருவினான், சின்ன வயதில் அம்மா செருப்பு கழற்றிவிடுவதுபோல. உள்ளங்கை வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அப்புறம் பழக்கதோஷமாக ஒயரை எடுத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். எந்தச் சுற்றில் எங்கே என்ன என்று பார்க்கப் போகிறான், பார்த்துவிட்டு எனக்கு வலிக்காத மாதிரி சொல்ல எதையாவது தேடப் போகிறான். நான் அதை மூடினேன். மெதுவாகத்தான் மூடினேன். "அதுல வேண்டாம்ண்ணே. நானே சொல்லுதேன், கேளு." அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு பழைய டயரை உருட்டிக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான், தகடு வைத்த மணிக்கட்டை மறுகையால் பிடித்துக்கொண்டு. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். வெளியே சத்தம் இத்தனை இருந்ததா என்று இருந்தது. எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, ஆனாலும் ஆரம்பித்துவிட்டேன். "முதல் சுத்துலயே பயந்துட்டேன்," என்றேன்.